முக்கனியும் மொத்தச் சந்தையும்: கோயம்பேட்டுக் கனி வணிகத்தை வரைபடமாக்குதல்

ஆய்வுச் சுருக்கம்

கனிச் சந்தை ஒன்றின் வழங்கல் தொடரை வரைபடமாக்க முற்படுவோர் சரக்கு செல்லும் பாதையையே பெரும்பாலும் வரைகின்றனர். பணம், விலைச் செய்தி, உழைப்பாளர் ஆகிய மூன்றின் பாதைகளும் அவ்வரைபடத்தில் இடம்பெறுவதில்லை. சென்னைக் கோயம்பேடு மொத்தச் சந்தைக்கு வந்துசேரும் வாழை, மா, பலா ஆகிய முக்கனிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்நான்கு பாதைகளையும் ஒருசேர வரையும்போதுதான் விளைவித்தவருக்குக் கிடைக்கும் பங்கு ஏன் குறைவாக உள்ளது என்பது விளங்கும் என இக்கட்டுரை விளக்க முனைகிறது. இத்தகைய வரைபடப் பணியை மலேசியத் தமிழ் வகுப்பறையில் பயன்படுத்தும் வழிமுறையும் இறுதியில் சுட்டப்படுகிறது.

1. முன்னுரை

மா, பலா, வாழை ஆகிய மூன்றையும் முக்கனி எனச் சேர்த்துக் கூறுவது தமிழர் மரபு. இலக்கிய வகுப்புகளில் இச்சொல்லை நாம் பலமுறை விளக்கியிருப்போம். ஆயினும், அக்கனிகள் எவ்வழியாக, யார் கைபட்டு, எவ்விலையில் நம் வீட்டை வந்தடைகின்றன என்ற வினாவை அவ்வகுப்புகளில் எழுப்புவது அரிது. விளைபொருளைப் பற்றிப் பேசும் அளவுக்கு வணிகத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை.

பண்டைத் தமிழ் இலக்கியம் வணிகத்தைப் புறக்கணிக்கவில்லை என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. மதுரைக்காஞ்சி மதுரை நகரின் பகற்கடைகளை நாளங்காடி என்றும் இரவுக்கடைகளை அல்லங்காடி என்றும் பிரித்துக் காட்டுகிறது. சந்தையை இடத்தால் மட்டுமன்றிக் காலத்தாலும் அடையாளங் காணும் பார்வை அதில் உள்ளது. இன்றைய மொத்தச் சந்தையை ஆராய்வோருக்கும் அப்பார்வை பயன்படக்கூடியது. ஏனெனில், பெருநகரம் உறங்கும் வேளையில்தான் அதன் மொத்தச் சந்தை விழித்திருக்கிறது.

அண்மைக் காலத்தில் புவியியல் தகவல் முறைமையும் இணைய வரைபடங்களும் பரவியதன் விளைவாக, உணவுப் பொருள்களின் பயணத்தை வரைபடமாக்கும் முயற்சிகள் பல நாடுகளிலும் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன. இம்முயற்சிகளில் எவை வரையப்படுகின்றன, எவை விடுபடுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வழங்கல் தொடர் என்னும் கருத்தாக்கம்

விளைநிலத்தையும் சந்தையையும் இணைத்து நோக்கிய முன்னோடிகளுள் ஒருவர் ஜெர்மானிய அறிஞர் யோகான் ஃபான் தூனன் ஆவார். 1826ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், நகரச் சந்தையை நடுப்புள்ளியாகக் கொண்டு அதனைச் சுற்றி வேளாண்மை வளையங்களாக அமையும் என அவர் விளக்கினார். விரைவில் அழுகும் பொருள்கள் நகருக்கு அருகிலும், நெடுநாள் தாங்கும் பொருள்கள் தொலைவிலும் விளைவிக்கப்படும் என்பது அவர்தம் கொள்கையின் சாரம். சரக்கூர்தியும் குளிர்பதனமும் தோன்றிய பின்னர் அவ்வளையங்கள் கலைந்துவிட்டன. இன்று சென்னையில் விற்கப்படும் ஆப்பிள் இமாசலப் பிரதேசத்திலிருந்தும் காசுமீரத்திலிருந்தும் வருகிறது. அப்படியிருந்தும், தொலைவுக்கும் அழுகலுக்கும் விலைக்கும் உள்ள உறவை அவர் சுட்டிய விதம் இன்றும் பொருந்துவதாகவே உள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர்களின் பார்வை இடத்திலிருந்து உறவை நோக்கி நகர்ந்தது. 1977ஆம் ஆண்டு டெரன்ஸ் ஹாப்கின்ஸ், இம்மானுவேல் வாலர்ஸ்டீன் ஆகியோர் பண்டத் தொடர் என்னும் கருத்தை முன்வைத்தனர். ஒரு பொருள் நுகர்வோரை அடையும் வரை அதன்மீது செலுத்தப்படும் உழைப்பையும் அதன் பல்வேறு கட்டங்களையும் பின்னோக்கித் தேடிச் செல்வது அம்முறை. 1994ஆம் ஆண்டு கேரி ஜெரெஃபியும் பிறரும் இக்கருத்தை வளர்த்தெடுத்தபோது, தொடரை நடத்துபவர் யார் என்ற வினா முதன்மை பெற்றது. ஒவ்வொரு தொடரிலும் பிறரைக் காட்டிலும் வலிமை மிக்க ஒரு கண்ணி இருக்கும். விலையையும் தரத்தையும் காலத்தையும் அக்கண்ணியே பெரிதும் தீர்மானிக்கும் என்பது அவர்கள் கண்ட முடிபாகும்.

எனவே, வழங்கல் தொடரின் வரைபடம் என்பது ஊர்ப்பெயர்களை இணைக்கும் கோடுகளின் தொகுப்பாக மட்டும் அமைதல் போதாது. சரக்கு எங்கிருந்து எங்குச் செல்கிறது, பணம் யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது, விலைச் செய்தி யாரிடம் முதலில் உள்ளது, உழைப்போர் எங்கிருந்து வருகின்றனர் என்னும் நான்கும் அதில் இடம்பெறுதல் வேண்டும்.

3. கோயம்பேடு: தொடர்கள் கூடும் முடிச்சு

சென்னை நகரின் மொத்த வணிகம் நெடுங்காலம் ஜார்ஜ் டவுன் பகுதியிலுள்ள கொத்தவால் சாவடியில் நடைபெற்றது. குறுகிய தெருக்களில் சரக்குந்துகள் நுழைய இயலாமையும் போக்குவரத்து நெரிசலும் பெருகியதனால், நகரின் மேற்குப் புறத்தில் கோயம்பேடு என்னுமிடத்தில் புதிய சந்தை வளாகத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அமைத்தது. 295 ஏக்கர்ப் பரப்புடைய அவ்வளாகம் 1996ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கியது. குறிப்பிட்ட பொருள்களின் மொத்த வணிகம் எவ்விடத்தில் நடைபெறலாம் என்பதை ஒழுங்குபடுத்தும் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. காய்கறி, கனி, பூ ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள் அங்குள்ளன. கடைகளின் எண்ணிக்கை மூவாயிரத்துக்கும் மேற்பட்டது.

இடமாற்றம் சந்தையின் உள்ளமைப்பை மாற்றிவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அதன் மையத்தில் இருப்பது 'மண்டி' எனப்படும் நிறுவனமே. மண்டிக்காரர் பல வேளைகளில் சரக்கை விலைகொடுத்து வாங்குபவர் அல்லர். விளைவித்தவரோ வட்டார வியாபாரியோ அனுப்பும் சரக்கை இறக்கி, விற்றுக்கொடுத்து, விற்ற தொகையில் ஒரு பகுதியைத் தரகாகப் பெறுபவர் அவர். 'கமிஷன் மண்டி' என்ற வழக்கு இதனால் ஏற்பட்டது. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை, சேதத்திற்கான கழிவு ஆகியவை போக எஞ்சிய தொகையே அனுப்பியவரின் கணக்கில் சேர்கிறது.

சரக்கின் சொந்தக்காரர் ஒருவராகவும் விற்பவர் வேறொருவராகவும் இருப்பதனால், விலை வீழ்ந்தால் இழப்பு பெரிதும் முன்னவரையே சாரும். பின்னவருக்குத் தரகின் அளவு குறையுமேயன்றி முதல் அழியாது. சாலை வரைபடத்தில் இவ்வேறுபாடு புலப்படாது.

4. முக்கனி காட்டும் மூன்று பாதைகள்

4.1 வாழை: காலத்தை ஆள்பவர் கை

உலகில் வாழையை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. தமிழகத்தில் தேனி, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி, கன்னியாகுமரி எனப் பல மாவட்டங்களில் வாழை பயிரிடப்படுகிறது. வாழைக்கான தேசிய ஆராய்ச்சி மையம் 1993ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் அமைக்கப்பட்டதும் இதனாலேயே எனலாம். பூவன், நேந்திரன், கற்பூரவள்ளி, செவ்வாழை, மட்டி எனப் பல வகைகள் இருப்பினும், அண்மைக் காலத்தில் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கப்படும் கிராண்ட் நைன் வகை தேனி முதலிய பகுதிகளில் பெருகியுள்ளது. ஒரே வேளையில் முதிர்வதும், நெடும்பயணத்தைத் தாங்குவதும் அதன் பரவலுக்குக் காரணங்கள். சந்தையின் தேவை விளைநிலத்தின் வகையையே மாற்றியமைக்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

வாழைத்தார் முதிர்ந்த காயாகவே வெட்டப்படுகிறது. பழுக்கவைக்கும் பணி சந்தையிலோ அதன் அருகிலோ நிகழ்கிறது. முற்காலத்தில் புகைமூட்டம் இட்டுப் பழுக்கவைத்தனர். பின்னர்க் கால்சியம் கார்பைடு என்னும் வேதிப்பொருளைப் பயன்படுத்தும் தீய வழக்கம் பரவியது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அதனைத் தடைசெய்துள்ளன. கோயம்பேட்டிலும் அதிகாரிகள் பலமுறை சோதனையிட்டுக் கனிகளைப் பறிமுதல் செய்துள்ளனர். எத்திலீன் வளியை 100 பிபிஎம் அளவுக்கு மிகாமல் பயன்படுத்த 2016ஆம் ஆண்டு அனுமதி வழங்கப்பட்டது. வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட அறையில் இவ்வளியைச் செலுத்தினால் காய் சில நாள்களில் சீராகப் பழுக்கும்.

இந்தப் பழுக்கவைக்கும் அறை வாழைத் தொடரின் வலிமை மிக்க கண்ணியாக அமைந்துவிட்டது. அறையை உடையவர் விலைநிலவரம் அறிந்து, எப்போது எவ்வளவு பழுக்கவைக்கலாம் என ஓரளவு தீர்மானிக்க முடியும். தார் முதிர்ந்தபின் விவசாயியால் காத்திருக்க முடியாது. காற்றடித்தால் மரம் சாயும். வெட்டத் தவறினால் மரத்திலேயே பழுக்கும். எனவே, தொடரின் ஒரு முனையில் இருப்பவர் காலத்திற்குக் கட்டுப்பட்டவராகவும், நடுவில் இருப்பவர் காலத்தை ஒருசில நாள்களேனும் தம் வயப்படுத்தியவராகவும் உள்ளனர்.

4.2 மா: ஒரு தோப்பு, இரு தொடர்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலமான ஆந்திரத்திலிருந்தும் கோயம்பேட்டிற்கு மாங்கனி வருகிறது. மல்கோவா, இமாம்பசந்து, செந்தூரா, பங்கனப்பள்ளி முதலியவை நேரடியாக உண்ணப்படும் வகைகள். இவற்றோடு, கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் வழங்கப்பெறும் தோத்தாபுரி வகையும் பெருமளவில் விளைகிறது. அதில் பெரும்பகுதி கனிச் சந்தைக்கு வராமல் மாங்கூழ் ஆலைகளுக்குச் செல்கிறது. கிருஷ்ணகிரியும் ஆந்திரத்தின் சித்தூரும் மாங்கூழ் உற்பத்தியின் முதன்மை மையங்களாகும்.

ஆலையை நம்பிய தொடரில் வாங்குவோர் சிலரே, விற்போரோ பல்லாயிரவர். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் தோத்தாபுரியின் விலை கடுமையாக வீழ்ந்தபோது இந்நிலை வெளிப்படையாயிற்று. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்குமாறு, ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் வழங்க ஏற்பாடு செய்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பிற மாநிலத் தோத்தாபுரி மாங்காய் சித்தூர் மாவட்டத்திற்குள் வருவதற்கு மாவட்ட நிருவாகம் தடை விதித்தது. கருநாடக முதலமைச்சர் இதனை எதிர்த்து ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகளும் உரிய விலை கோரிக் குரலெழுப்பினர். மாநில எல்லை என்பது வரைபடத்தில் மெல்லிய கோடாகவே காணப்படும். ஒரு பருவத்தில் அக்கோட்டை அடைத்தால் எல்லைக்கு அப்பாலுள்ள தோப்புகளின் கனி செல்வதற்கு வழியின்றிப் போகும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

மாந்தோப்புகளில் நிலவும் குத்தகை முறையையும் இங்குக் கருதுதல் வேண்டும். மரம் பூக்கும் பருவத்திலேயே, சில வேளைகளில் அதற்கு முன்னரே, தோப்பின் உரிமையாளர் விளைச்சலைக் குத்தகைதாரர் ஒருவருக்கு விற்றுவிடுகிறார். காவல், மருந்தடிப்பு, பறிப்பு, விற்பனை ஆகியவை அதன்பின் குத்தகைதாரரின் பொறுப்பாகின்றன. உரிமையாளருக்கு உறுதியான தொகை கிடைக்கிறது. மழை, காற்று, விலைவீழ்ச்சி ஆகியவற்றால் நேரும் இடரைக் குத்தகைதாரர் ஏற்கிறார். மலேசிய வாசகர்களுக்கு இது புதியதன்று. இங்குள்ள டுரியான் தோட்டங்களில் 'பாஜாக்' என வழங்கப்படும் முறையும் இதனை ஒத்ததே.

4.3 பலா: மெல்ல வளரும் மரமும் தள்ளுவண்டியும்

தமிழ்நாட்டின் மாநிலக் கனி பலா. கடலூர் மாவட்டத்திலுள்ள பண்ருட்டி அதற்குப் பெயர்பெற்ற ஊர். வாழையைப் போலவோ மாவைப் போலவோ பலாவை ஒரே அளவுடைய பெட்டிகளில் அடுக்க இயலாது. ஒரு கனி சில கிலோ இருக்கும்; மற்றொன்று முப்பது கிலோவையும் தாண்டும். அதன் உள்முதிர்வை வெளித்தோற்றம் முழுமையாகக் காட்டாது. தட்டிப் பார்த்தும் முள்ளின் விரிவைப் பார்த்தும் மணத்தை நுகர்ந்தும் தேர்ந்தவரே கணிப்பர். இவ்வறிவு ஏட்டில் இல்லை. வியாபாரியின் கையிலும் செவியிலும் உள்ளது.

பலாவின் மதிப்பு பெரிதும் கூடுவது தொடரின் இறுதிக் கட்டத்திலாகும். கனியின் எடையில் பெரும்பகுதி தோலும் நாரும் நடுத்தண்டுமாகக் கழிவாகிறது. எண்ணெய் தடவிய கத்தியால் அறுத்துச் சுளைகளைப் பிரித்துத் தள்ளுவண்டியில் விற்பவரே நுகர்வோர் விரும்பும் வடிவத்தை அதற்குத் தருகிறார். முழுக்கனியை வாங்கித் தூக்கிச் செல்லத் தயங்கும் நகரவாசி சில சுளைகளை வாங்கிச் செல்கிறார். சந்தை ஆய்வுகளில் 'சில்லறை வியாபாரி' என ஒரே சொல்லில் அடக்கப்படும் இவர், உண்மையில் பொருளை உருமாற்றும் உழைப்பாளி ஆவார்.

பலாத் தொடரில் காலம் வேறு வகையில் செயற்படுகிறது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பகுதியின் பலா மரங்களையும் முந்திரி மரங்களையும் பேரளவில் வீழ்த்தியது. வாழை அழிந்தால் ஏறத்தாழ ஓராண்டில் அடுத்த விளைச்சலைக் காணலாம். விதையிலிருந்து வளரும் பலாவோ காய்க்கத் தொடங்கவே பல ஆண்டுகள் ஆகும். பழைய மரத்தின் விளைச்சலை எட்ட மேலும் நெடுங்காலம் ஆகும். ஒரே நாள் புயல் ஒரு தலைமுறையின் வருவாயைப் பறித்துவிடக்கூடும் என்பதை ஓராண்டுத் தரவை மட்டும் கொண்டு வரையப்படும் வரைபடம் காட்டாது.

5. பணத்தின் திசை

சரக்கு தோப்பிலிருந்து சந்தைக்குச் செல்கிறது. அதற்குரிய பணம் சந்தையிலிருந்து தோப்புக்குத் திரும்புகிறது. பாடநூல் விளக்கம் இவ்வாறே அமையும். கனி வணிகத்தில் பல வேளைகளில் பணம் சரக்குக்கு முன்னரே புறப்பட்டுவிடுகிறது என்பதுதான் நடைமுறை. மண்டிக்காரர் வட்டார வியாபாரிக்கோ குத்தகைதாரருக்கோ முன்பணம் தருகிறார். அவர் தோப்பின் உரிமையாளருக்கோ சாகுபடியாளருக்கோ அதிலொரு பகுதியைத் தருகிறார். உரம், குடும்பச் செலவு, திருமணம், மருத்துவம் எனப் பல தேவைகளுக்கு அம்முன்பணம் உதவுகிறது. பிணையும் நெடிய படிவமும் கேட்கும் வங்கியைக் காட்டிலும் மண்டி அணுகுவதற்கு எளிதாக இருப்பதை மறுக்க இயலாது.

ஆயினும், முன்பணம் பெற்றவர் தம் சரக்கை அதே மண்டிக்கு அனுப்பும் கடப்பாட்டிற்கு உள்ளாகிறார். அடுத்த மண்டியில் விலை கூடுதலாக இருந்தாலும் அங்குச் செல்ல அவரால் இயலாது. வட்டி எனத் தனியே கேட்கப்படாவிட்டாலும், தரகிலும் கழிவிலும் விலையிலும் அது கலந்துவிடக்கூடும். கடன் தருபவரும் பொருளை விற்றுத் தருபவரும் ஒருவரே ஆகும்போது, விலைபேசும் உரிமை விளைவித்தவரின் கையைவிட்டு நழுவுகிறது.

இந்திய ரிசர்வ் வங்கி 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளியிட்ட ஆய்வுத்தாள் ஒன்றின்படி, நுகர்வோர் செலுத்தும் நூறு ரூபாயில் விவசாயிக்குக் கிடைப்பது வாழைக்கு ஏறத்தாழ 31 ரூபாய், திராட்சைக்கு 35 ரூபாய், மாவுக்கு 43 ரூபாய். எஞ்சிய தொகை முழுவதும் இடைத்தரகரின் இலாபம் எனக் கருதுவது தவறாகும். போக்குவரத்து, அழுகல், பழுக்கவைத்தல், கூலி, வாடகை, சில்லறை வியாபாரியின் பிழைப்பு ஆகிய யாவும் அதில் அடங்கும். இவ்விடத்தில் ஒரு நுட்பமான வினா எழுகிறது. தோப்பு குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் விவசாயியின் பங்கு என்பது யாருடைய பங்கு? உரிமையாளர், குத்தகைதாரர் ஆகிய இருவருள் இலாபம் ஒருவருக்கும் இழப்பு மற்றவருக்கும் சேரலாம். சராசரி எண் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. பணத்தின் பாதையை வரைந்தால் மட்டுமே அது வெளிப்படும்.

6. விலைச் செய்தியின் பாதை

தமிழகத்தின் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரல்களைத் தொட்டு விலைபேசும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பேசும் இருவரைத் தவிரப் பிறர் விலையை அறியக்கூடாது என்பதே அதன் பயன். செய்தியை மறைப்பதும் ஒரு வணிக உத்தி என்பதை இவ்வழக்கம் காட்டுகிறது. கனிச் சந்தையில் துண்டு இல்லாவிடினும் செய்தி சமமாகப் பரவுவதில்லை. எத்தனை வண்டிகள் வந்துள்ளன, எவ்வளவு சரக்கு எஞ்சியுள்ளது, நாளை எந்தப் பண்டிகையால் தேவை கூடும் என்பனவற்றை மண்டிக்காரர் முதலில் அறிகிறார். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள விவசாயி மறுநாள் விற்பனைச் சீட்டின் வாயிலாகவே அறிகிறார்.

கைப்பேசி இவ்விடைவெளியை ஓரளவு குறைத்துள்ளது. பல சந்தைகளின் விலையை அன்றாடம் வெளியிடும் அரசு இணையத்தளமும் உண்டு. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இந்திய அரசு தேசிய மின்னணு வேளாண் சந்தையைத் தொடங்கிவைத்தது. விலையை அறிவது வேறு, அறிந்த விலைக்கு விற்க இயல்வது வேறு. முன்பணத்தால் கட்டுண்டவருக்கு முதலாவது மட்டும் கிட்டினால் மனவருத்தமே மிஞ்சும்.

7. 2020: மறைந்திருந்த பாதை வெளிப்படல்

சந்தையில் இரவெல்லாம் சுமை ஏற்றி இறக்குவோர் எங்கிருந்து வருகின்றனர் என்பதை வழங்கல் தொடர் வரைபடங்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்று அதனை வெளிப்படுத்தியது. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் கோயம்பேட்டில் நோய் பரவியதைத் தொடர்ந்து மே 5ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. காய்கறி வணிகம் திருமழிசைக்கும், கனி வணிகம் மாதவரத்திற்கும் தற்காலிகமாக மாற்றப்பட்டன. அதற்குள் சுமைப்பணியாளர்களும் சிறு வியாபாரிகளும் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியிருந்தனர். கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய மாவட்டங்களில் கோயம்பேட்டுடன் தொடர்புடைய தொற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறியப்பட்டன.

அன்றாடம் வெளியிடப்பட்ட அத்தொற்றுப் பட்டியல்கள் ஒரு வகையில் சந்தையின் உழைப்பாளர் வரைபடமாகவும் அமைந்தன எனலாம். பலா அனுப்பும் கடலூர் மாவட்டமே சுமைதூக்கும் கைகளையும் அனுப்பி வந்தது என்பதை அப்பட்டியல்கள் உணர்த்தின. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் காய்கறி மொத்த வணிகமும், அதன்பின் கனி வணிகமும் கோயம்பேட்டில் மீண்டும் தொடங்கின.

கோலாலம்பூரில் நிகழ்ந்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கது. செலாயாங் மொத்தச் சந்தையைச் சுற்றியுள்ள பகுதிகளில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் கடுமையாக்கப்பட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. முள்வேலிக்குள் அடைபட்டவர்களுள் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் பெருந்தொகையினர். நம் உணவு மேசைக்கு வரும் காய்கனிகள் யாருடைய தோள்வழி வருகின்றன என்பதைப் பலர் அப்போதுதான் எண்ணிப் பார்த்தனர். இரு நகரங்களிலும் சந்தை உழைப்பாளர் நோயின் வாயிலாகவே பொதுமக்களின் கண்ணுக்குப் புலப்பட்டனர் என்பது வருந்தத்தக்கது.

8. சீர்திருத்தங்களும் அவை தொடும் பாதைகளும்

மேற்கூறிய நான்கு பாதைகளையும் மனத்திற்கொண்டு அரசின் முயற்சிகளை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைத் திட்டம், விவசாயி நுகர்வோருக்கு நேரடியாக விற்க வழிசெய்து சரக்கின் பாதையைச் சுருக்கியது. மலேசியாவில் கூட்டரசு வேளாண் சந்தை வாரியம் 1985ஆம் ஆண்டு தொடங்கிய உழவர் சந்தைகளும் இந்நோக்கினவே. அருகிலுள்ள ஊர்களின் காய்கறிகளுக்கு இம்முறை பெரிதும் பொருந்தும். ஒரே நாளில் ஒரு வண்டி நிறையத் தார் வெட்டும் தேனி விவசாயி சென்னையில் கடைவிரித்து அமர இயலாது. தோப்பைக் குத்தகைக்கு விட்டவருக்கு விற்பதற்குக் கனியே இல்லை.

குளிர்பதனக் கிடங்குகள் காலத்தின் அழுத்தத்தைக் குறைக்கும். அவற்றின் பயன் கிடங்கை உடையவருக்கா விளைவித்தவருக்கா என்பது உரிமையைப் பொறுத்தது. மின்னணுச் சந்தை செய்தியின் பாதையைச் செப்பனிடுகிறது. முன்பணத்தின் பாதையை நேரடியாகத் தொடுவன குறைந்த வட்டியில் உரிய நேரத்தில் கிடைக்கும் பயிர்க்கடனும், விவசாயிகள் கூடி அமைக்கும் உற்பத்தியாளர் நிறுவனங்களும் ஆகும். கூட்டாகப் பழுக்கவைக்கும் அறை ஒன்றை விவசாயிகளே நடத்தினால், வாழைத் தொடரின் வலிமை மிக்க கண்ணியில் அவர்களுக்கும் இடம் கிடைக்கும். சாலை அமைப்பதைப் போல இவற்றை நிழற்படம் எடுத்துக் காட்ட இயலாது. ஆயினும், விவசாயியின் பங்கை உயர்த்துவதற்கு இவையே கூடுதல் துணைபுரியும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

9. வகுப்பறைப் பயன்பாடு

இவ்வகை வரைபடப் பணியைத் தமிழ் வகுப்பறையிலும் மேற்கொள்ளலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வட்டாரச் சந்தையிலோ இரவுச் சந்தையிலோ ஒரு கனியைத் தேர்ந்தெடுத்து, விற்பவரிடம் நான்கு வினாக்களை எழுப்பலாம். இக்கனி எங்கிருந்து வந்தது? பணத்தை எப்போது, யாருக்குக் கொடுத்தீர்கள்? இன்றைய விலையை எவ்வாறு அறிந்தீர்கள்? இதனை ஏற்றி இறக்கியவர் யார்? விடைகளை நான்கு வண்ணக் கோடுகளாக ஒரே தாளில் வரையச் செய்யலாம். விடை கிடைக்காத இடத்தை வெற்றிடமாகவே விட்டுவைக்குமாறு மாணவர்க்கு அறிவுறுத்துதல் நன்று. பணம் பற்றிய வினாவிற்கு விற்பவர் விடைகூற விரும்பாவிடின் அவரை வற்புறுத்தாமையும் ஆய்வு நெறியின் ஒரு கூறாகக் கற்பிக்கப்பட வேண்டும்.

இப்பணியால் மொழிவளமும் பெருகும். தார், சீப்பு, தரகு, மண்டி, குத்தகை, முன்பணம், கழிவு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி முதலிய சொற்கள் வணிக வாழ்வில் வேரூன்றியவை. அகராதியில் ஒருவரிப் பொருள் காண்பதைவிட, அச்சொல் குறிக்கும் உறவில் யார் யாருக்குக் கடன்பட்டவர் என அறியும்போது அது மாணவர் மனத்தில் நிலைக்கும். மலேசியச் சந்தைகளில் மலாய், சீனச் சொற்கள் இவற்றுக்கு ஈடாக வழங்குவதையும் தொகுத்து ஒப்பிடச் செய்யலாம்.

10. முடிவுரை

கோயம்பேட்டுக்கு வரும் முக்கனிகளின் பாதைகள் மூன்றும் ஒன்றுபோல் அமையவில்லை. வாழைத் தொடரில் பழுக்கவைக்கும் அறையும், மாத் தொடரில் குத்தகையும் ஆலையும், பலாத் தொடரில் மரத்தின் நெடிய வளர்ச்சியும் தள்ளுவண்டி வணிகரின் உழைப்பும் முதன்மை பெறுகின்றன. மூன்றிலும் பொதுவாகக் காணப்படுவது, சரக்கின் பாதையைக் காட்டிலும் கடனின் பாதையே விலையைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது என்பதாகும்.

சரக்கின் பாதையை மட்டும் காட்டும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தீர்வு தேடுவோர்க்குச் சாலையும் கிடங்குமே தீர்வாகத் தோன்றும். பணம், செய்தி, உழைப்பாளர் ஆகியவற்றின் பாதைகளையும் சேர்த்து வரைந்தால், குத்தகைதாரரும் சுமைப்பணியாளரும் சுளை விற்பவரும் அதில் இடம்பெறுவர். அவர்தம் தேவைகளும் தீர்வுகளுக்குள் இடம்பெற வாய்ப்புண்டு. தமிழகத்தின் பிற மொத்தச் சந்தைகளுக்கும், செலாயாங் போன்ற மலேசியச் சந்தைகளுக்கும் இந்நான்கு பாதை முறையைப் பொருத்தி மேலாய்வுகள் நிகழ்த்துவது பயன்தரும். அவ்வாய்வுகளுக்குத் தமிழ் மாணவர்களை ஆயத்தப்படுத்தும் பணியை வட்டாரச் சந்தையிலிருந்தே தொடங்கலாம்.